ஹேம்ஸ்டருக்கு எதற்கு ஷாம்பு?

கைகழுவும் தொட்டியில் நுரை பொங்க ஹேம்ஸ்டரைக் குளிப்பாட்டும் காணொளிகள் என் கைப்பேசியில் அடிக்கடி வந்து விழுகின்றன. கீழே வரிசையாக இதயக்குறிகள். அந்தப் பிராணி முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்பதை ‘ரசித்துக் குளிக்கிறது’ என்கிறார்கள். எனக்கோ அது பயத்தில் உறைந்து நிற்பதாகவே படுகிறது.

குளிக்காமல் சாப்பாட்டு மேசைப் பக்கம் வரக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். சுத்தம் என்றால் நமக்குத் தண்ணீரும் சோப்பும்தான். அதையே எல்லா உயிருக்கும் பொருத்துவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

ஹேம்ஸ்டரின் உடல் மிகச் சிறியது. ரோமம் நனைந்தால் உடற்சூடு வேகமாக இறங்கும்; குளிர் தாக்கி இறந்தும் போகலாம். அதற்குத் தேவை மணல். ஒரு கிண்ணத்தில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு வாசனை சேர்க்காத மணலைக் கொட்டி வைத்தால் தானே புரண்டு சுத்தம் செய்துகொள்ளும். மாவு போன்ற பொடி வேண்டாம், அது மூச்சுக்குழாயைப் பாதிக்கும். நாற்றம் அடிக்கிறது என்று அம்மா முகம் சுளித்தால், கழுவ வேண்டியது கூண்டை.

முயலும் அப்படித்தான். தண்ணீரில் இறக்கினால் மிரண்டு உதைக்கும். பின்னங்கால்களுக்கு இருக்கும் வலிமை முதுகெலும்புக்கு இல்லை. உதைக்கிற வேகத்தில் முதுகெலும்பே முறியலாம். பின்புறம் அழுக்கானால் அந்த இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலர்த்துங்கள். அடிக்கடி அழுக்கானால் அது குளியல் விவகாரமே அல்ல, உணவிலோ உடல்நலத்திலோ கோளாறு. விலங்கு மருத்துவரிடம் போக வேண்டும்.

பூனை தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். எண்ணெயோ சாயமோ ஒட்டினால் ஒழிய அதைக் குளிப்பாட்டத் தேவையில்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: நாய்களுக்கான உண்ணி மருந்து சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். அது பூனையின் உயிரையே பறிக்கக்கூடியது.

குளியல் உண்மையிலேயே தேவைப்படுவது நாய்க்குத்தான். பெரும்பாலான நாய்களுக்கு மாதம் ஒருமுறை போதும். நம் ஷாம்பு வேண்டாம். நம் தோலின் அமிலத்தன்மை வேறு, அதன் தோலின் தன்மை வேறு. வெதுவெதுப்பான நீர், காலடியில் வழுக்காத விரிப்பு, காதுக்குள் தண்ணீர் போகாமல் கவனம். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். நம் ஊர் ஈரப்பதத்தில் அடர்ந்த ரோமம் லேசில் காயாது. மேலே தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், அடியில் ஈரம் நிற்கும், பிறகு சொறி வரும். துவாலையால் ஒற்றி, மிதமான சூட்டில் உலர்த்தியை ஓட்டி, அடிரோமம் வரை தொட்டுப் பாருங்கள். அரைமணி நேரம் பொறுமை இல்லாதவர் அன்றைக்குக் குளிப்பாட்டாமல் இருப்பதே நல்லது.

2024 செப்டம்பர் முதல் வீவக வீடுகளில் பூனை வளர்க்கலாம். உரிமம் வாங்குமுன் இணையப் பாடம் ஒன்றை முடிக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் ஹேம்ஸ்டருக்கும் முயலுக்கும் உரிமமும் இல்லை, பாடமும் இல்லை. தவறான குளியலால் எளிதில் சாகக்கூடியவை இவைதான். நம்மைப் போன்ற மாணவர்கள் சேமிப்புப் பணத்தில் வாங்கி வருவதும் பெரும்பாலும் இவற்றைத்தான். விற்கும்போது, “தண்ணீரில் போடாதீர்கள்” என்று ஒரு வரியாவது எழுதிக் கொடுக்கும்படி கடைகளைக் கட்டாயப்படுத்த வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை, பணம் கொடுக்குமுன் நீங்களே கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.