மானிடவியல் எம்.ஏ.வும் ஒரு சாதிச் சான்றும்

எங்கள் அடுக்ககத்தில் மூன்றாம் மாடியில் ஒரு பையன் ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படிக்கிறான். விருப்பப் பாடம் மானிடவியல். நான் அந்தப் பாடத்தில் எம்.ஏ. படித்தவன் என்று யாரோ அவனிடம் சொல்லிவிட்டார்கள். போன வாரம் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தான்.

"ஏம்ப்பா இந்தப் பாடத்தை எடுத்தே?" என்று கேட்டேன்.

"சிலபஸ் சின்னது தாத்தா. நாலு மாசத்துல முடிச்சிடலாம்னு சொல்றாங்க."

நேர்மையான பதில். அதில் எனக்கு வருத்தம் இல்லை. நான் 1974-இல் சேர்ந்தபோதும் பெரிய லட்சியம் ஒன்றும் கிடையாது. பொருளாதாரத்தில் இடம் கிடைக்கவில்லை, இதில் கிடைத்தது, அவ்வளவுதான்.

அவன் நோட்டைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினான். "பழங்குடியின் இலக்கணம்" என்று தலைப்பு. அதன் கீழ் ஐந்து வரிகள்: பழமையான பண்புகள், தனித்த பண்பாடு, ஒதுக்குப்புறமான இடத்தில் வாழ்தல், வெளியாரோடு பழகக் கூச்சப்படுதல், பின்தங்கிய நிலை. 1965-இல் லோகூர் குழு சொன்ன அளவுகோல்கள் இவை. ஐந்தின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ஒரு வார்த்தையாக்கி மனப்பாடம் செய்திருந்தான். "இந்த அஞ்சும் எழுதினா மார்க் குடுத்துடுவாங்கதானே?" என்றான். "குடுப்பாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ஐந்து வரிகளை நானும் படித்து மார்க் வாங்கினவன். வாங்கினதோடு நில்லாமல், இருபது வருஷம் கழித்து அதையே அளவுகோலாகக் கையில் எடுத்துக்கொண்டு போய் ஒரு குடும்பத்தை அளந்தவன்.

எங்கள் வகுப்பில் ஒன்பது பேர். பாதிப் பாடம் உடல் மானிடவியல். எலும்பு, ரத்த வகை, மண்டையோட்டு அளவு, மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து வரும் குறியீடு. ஆய்வுக்கூடத்தில் இடுக்கி போன்ற ஒரு அளவுகருவியால் ஒருவர் மூக்கை ஒருவர் அளந்து சிரித்துக்கொண்டிருப்போம். மீதிப் பாதி பழங்குடிகள். ஒவ்வொரு குடிக்கும் ஒரே வரிசை: இருப்பிடம், வீடு, உணவு, தொழில், திருமணம், தெய்வம், சாவுச் சடங்கு. "இருளர் பற்றிக் குறிப்பு வரைக" என்று கேள்வி வரும். எலி பிடிப்பார்கள், பாம்பு பிடிப்பார்கள், தேன் எடுப்பார்கள், கன்னியம்மனைக் கும்பிடுவார்கள் என்று எழுதினால் முழு மார்க். களப்பணி என்று மூன்று வாரம் நீலகிரிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கேயும் அச்சடித்த படிவம்தான். கட்டங்களை நிரப்பிக்கொண்டு திரும்பினோம். ஒன்பது பேரில் ஒருவர்கூடப் பழங்குடி இல்லை. அது விசித்திரமாக இருக்கிறதே என்று எங்களில் யாருக்கும் அன்று தோன்றவில்லை.

இந்தக் கட்டங்கள் எங்கிருந்து வந்தன? சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்திய சாதிகள், குடிகள் பற்றி வெளியிட்டார். எங்களுக்கு அதுதான் வேதம். அளவுகருவியோடு வயநாட்டுக்குப் போனபோது பணியர் பெண்கள் அவரைக் கண்டு ஓடிய கதையை அவரே எழுதியிருக்கிறார். தங்களில் நல்ல உடற்கட்டு உள்ளவர்களைப் பிடித்துப் பஞ்சடைத்து மியூசியத்தில் வைத்துவிடுவார் என்று பயந்தார்களாம். வகுப்பில் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். அந்தப் பெண்கள் பயந்ததில் அர்த்தம் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். உடம்பைப் பஞ்சடைக்கவில்லை. ஆனால் 1909-இல் ஒருவர் பார்த்த வாழ்க்கையைப் பஞ்சடைத்து வைத்துவிட்டோம். அவர்களுடைய பேரன் பேத்திகள் அதைப் போலவே இருக்கிறார்களா என்று இன்றுவரை ஒத்துப் பார்க்கிறோம்.

இனி நான் செய்த காரியம். 1996. வட மாவட்டம் ஒன்றில் நான் கோட்டாட்சியர். தமிழ்நாட்டில் 1989 நவம்பர் முதல் பழங்குடிச் சான்று தரும் அதிகாரம் தாசில்தாரிடமிருந்து ஆர்.டி.ஓ.வுக்கு மாற்றப்பட்டுவிட்டது. ஒரு பெண் பிளஸ் டூ முடித்து, ஆசிரியர் பயிற்சியில் சேர இருளர் என்று சான்று கேட்டு மனு கொடுத்திருந்தாள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள். உறவினர் யாரிடமும் சான்று கிடையாது. நேரில் விசாரிக்கப் போனேன். எம்.ஏ. மானிடவியல் ஆயிற்றே, மற்ற அதிகாரிகளைப் போல அரைகுறையாகக் கேட்க மாட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை.

"பாம்பு பிடிப்பியாப்பா?"

"இல்லீங்கய்யா. செங்கல் சூளையில வேலை."

"எலி?"

"எங்கப்பா பிடிப்பாருங்க. நான் சின்ன வயசுலயே சூளைக்கு வந்துட்டேங்க."

சுவரில் முருகன் காலண்டர் தொங்கியது. பெண் சுடிதார் போட்டுக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் நிமிர்ந்து பதில் சொன்னாள். வெளியாரைக் கண்டு அவளுக்குக் கூச்சம் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து, "பழங்குடியினருக்குரிய பண்புகள் காணப்படவில்லை" என்று எழுதி மனுவை நிராகரித்தேன். இந்த முடிவை எனக்குச் சொல்லிக் கொடுத்தது என் படிப்புதான்.

மூன்று வருஷம் கழித்து, மாசி மகத்தன்று குடும்பத்தோடு மாமல்லபுரம் போயிருந்தேன். இருளர்கள் ஆண்டுதோறும் அந்தப் பௌர்ணமிக்குக் கடற்கரையில் கூடுவார்கள். பல ஊர்களிலிருந்து வந்து மணலில் குடில் போட்டுத் தங்கி, விடியற்காலையில் மணலைக் குவித்துக் கன்னியம்மனுக்குப் பூஜை போடுவார்கள். கல்யாணங்களும் அங்கே நடக்கும். அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தச் சூளைக்காரர். அவரைச் சுற்றி அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று நாற்பது பேராவது இருப்பார்கள்.

"பொண்ணு என்ன பண்றா?" என்று கேட்டேன்.

"கல்யாணம் ஆயிடுச்சுங்கய்யா. சூளையிலதான் இருக்கா."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் கேட்ட கேள்வியை யோசித்துப் பாருங்கள். 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுப்பதற்காக உரிமம் பெற்றுப் பாம்பு பிடிக்கிறது. அதில் உறுப்பினராக இல்லாத ஓர் இருளர் பாம்பு பிடித்தால் வழக்குப் பாயும். ஆக, தான் இருளர் என்று நிரூபிக்க அந்த மனிதர் ஓர் அரசு அதிகாரியிடம் தான் குற்றம் செய்வதாக ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்! தொழிலை ஒரு சட்டத்தால் நிறுத்திவிட்டு, அந்தத் தொழிலைச் செய்யவில்லை என்பதற்காக இன்னொரு சட்டத்தின் சலுகையை மறுத்திருக்கிறேன்.

"ஒரு ஆள் செய்த தப்புக்குப் படிப்பைக் குறை சொல்லலாமா?" என்று கேட்பீர்கள். தனி ஆள் தப்பாக இருந்தால் நான் இதை எழுதவே வேண்டாம். 1994-இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சான்று சரிபார்ப்புக்கு நெறிமுறை வகுத்தது. மானிடவியல் பண்புகள், தெய்வம், சடங்கு, திருமண முறை, சாவுச் சடங்கு, பிணத்தை அடக்கம் செய்யும் முறை ஆகியவற்றை விசாரிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. எங்கள் எம்.ஏ. கேள்வித்தாளின் வரிசை அப்படியே சட்டமாகிவிட்டது. நம் மாநிலக் கூர்நோக்குக் குழுவிலும் மானிடவியலாளருக்கு ஓர் இடம் உண்டு. அவர் உட்காரும் நாற்காலி அந்த வகுப்பறையிலிருந்து வந்த நாற்காலி.

2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு, இந்தப் பண்பு ஒப்பீட்டுச் சோதனையை இறுதி உரைகல்லாகக் கொள்ள முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. இடம்பெயர்வாலும் நவீன வாழ்க்கையாலும் பழைய பண்புகள் மங்கியிருக்கலாம் என்பதை நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். நல்லது. ஆனால் இதை நீதிபதிகள் வந்து சொல்ல வேண்டியிருந்ததே, அதுதான் எனக்கு வெட்கம். எங்கள் துறைக்கு இது எப்போதோ தெரியும். குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு தலைமுறையிலேயே மண்டையோட்டு அளவு மாறுகிறது என்று ஃபிரான்ஸ் போவாஸ் 1911-லேயே காட்டினார். எலும்பே மாறும்போது சாமி படம் மாறாதா? ஒரு குழுவை அடையாளப்படுத்துவது பண்புகளின் பட்டியல் அல்ல, நாம் யார் பிறர் யார் என்று அவர்கள் போட்டுக்கொள்ளும் எல்லைதான் என்று ஃபிரெட்ரிக் பார்த் 1969-இல் எழுதினார். நான் எம்.ஏ. சேர்ந்தது அதற்கு ஐந்து வருஷம் கழித்து. எங்கள் பாடத்தில் அந்தப் பெயரே இல்லை. ஓய்வு பெற்ற பிறகு நானாகத் தேடிப் படித்தேன்.

போலிச் சான்றுக்காரர்களை என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. வசதி படைத்தவர்கள் சிலர் பெயர் ஒற்றுமையை வைத்துப் பழங்குடி இடங்களைப் பிடித்துக்கொள்வது உண்மை. என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் பட்டியல் சோதனை அவர்களைப் பிடிக்காது. பட்டியலைப் புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்துகொண்டு வருகிறவன் போலிதான்! என் மூன்றாம் மாடிப் பையன் நாலு மாசத்தில் படித்துவிடுவதை, ஒரு வேலைக்காக வருகிறவன் ஒரு வாரத்தில் படித்துவிட மாட்டானா? தெய்வம் எது, பிணத்தை எப்படிப் புதைப்பீர்கள் என்று கேட்டால் அவன் கச்சிதமாகச் சொல்வான். உண்மையான இருளர், "சூளையில வேலைங்க" என்று சொல்லித் தோற்றுப்போவார். பொய்யனைத் தேற வைத்து உண்மையானவரைத் தோற்கடிக்கும் ஒரு பரீட்சையை விஞ்ஞானம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதற்குச் சரியான கருவி எங்கள் துறையிலேயே இருக்கிறது. அதுவும் நம் நீலகிரியில் பயன்பட்ட கருவி. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1898-இல் டோரஸ் நீரிணைத் தீவுகளில் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். உன் அப்பா யார், அம்மா எந்த ஊர், அவளோடு பிறந்தவர்கள் யார், யாரை எங்கே கட்டிக் கொடுத்தார்கள் என்று கேட்டுக் கேட்டு வம்சாவளி எழுதுவது. பிறகு தோடர்களிடம் வந்து ஏறக்குறைய அந்தச் சமூகம் முழுவதற்கும் வம்சாவளி எழுதினார். 1906-இல் அது புத்தகமாயிற்று. தர்ஸ்டனும் ரிவர்ஸும் ஒரே காலத்தவர்கள். ஒருவர் மூக்கை அளந்தார், மற்றவர் உறவைக் கேட்டார். நாங்கள் மூக்குக்காரரைப் பிடித்துக்கொண்டோம்.

வம்சாவளியை மனப்பாடம் செய்து ஏமாற்ற முடியாது. ஒருவர் சொல்வதைப் பத்து ஊர்களில் பத்துக் கிழவிகளிடம் சரிபார்த்துவிடலாம். அந்தச் சூளைக்காரரிடம் நான் பாம்பைப் பற்றிக் கேட்காமல், "உன் அக்காவை எந்த ஊர்ல குடுத்திருக்கு?" என்று கேட்டிருந்தால் போதும். அரை நாளில் மாமல்லபுரம் மணல்வரைக்கும் என்னைக் கூட்டிப்போயிருப்பார். சான்று வைத்திருக்கும் தூரத்து உறவு ஒன்றாவது வழியில் கிடைத்திருக்கும்.

ஆகவே மானிடவியல் எம்.ஏ. நடத்துகிறவர்களுக்கு இந்தக் கிழவன் சொல்வது: "குறிப்பு வரைக" கேள்விகளை நிறுத்துங்கள். ஒவ்வொரு மாணவனும் ஒரு முழு ஊரின் வம்சாவளியை எழுதிக் கொடுத்தால்தான் பட்டம் என்று வையுங்கள். மூன்று வாரம் போதாது, மூன்று மாதம் அனுப்புங்கள். சான்று விசாரணை ஒன்றின் தீர்ப்பை எடுத்து வகுப்பில் வைத்து, இதில் நம் துறை செய்த தவறு என்ன என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி பழங்குடியினர் 7.95 லட்சம் பேர். அவர்களின் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். இதைச் செய்ய முடியாதென்றால், உங்கள் மாணவர்களைக் கூர்நோக்குக் குழுவுக்கு அனுப்பாதீர்கள்.

மூடிவிடலாம் இந்தத் துறையை என்று நண்பர்கள் சிலர் சொல்வதுண்டு. மூடக் கூடாது. மூடினால் பட்டியல் மட்டும் மிஞ்சும். பட்டியல் ஏற்கெனவே அரசாங்கக் கோப்புகளுக்குள் போய்விட்டது. அதைத் தப்பு என்று சொல்லத் தெரிந்த ஆள்தான் இல்லாமல் போவார்.

நேற்று அந்தப் பையனைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "பரீட்சையில அஞ்சும்தானே தாத்தா எழுதணும்?" என்றான். எழுது என்றேன். தேறி, ஒரு நாள் சப்-கலெக்டராக உட்கார்ந்து அப்படி ஒரு மனு முன்னால் வரும்போது, அக்காவை எந்த ஊரில் கொடுத்திருக்கிறது என்று முதலில் கேள் என்றேன். நோட்டில் குறித்துக்கொண்டான்.