அறைக்கு ஒரு பெயர்

2011-ல் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகளைக் கணக்கெடுக்க உச்ச நீதிமன்றம் குழு அமைத்தபோது, ஆறு அறைகளும் ஏ முதல் எஃப் வரை எழுத்துகளாயின. 'ஏ'யில் கிடைத்த தங்கம் உலகை வாய் பிளக்க வைத்தது. 'பி'யைத் திறப்பதா என்பது பெரும் வழக்கானது. 2014-ல் மேலும் இரண்டு அறைகள் தெரியவந்தன: ஜி, எச்.

கோயிலில் புழங்கியவர்களுக்கு 'பி' என்பது மகாபாரதகோணத்துக் கல்லறை. (இங்கே கல்லறை வெறும் கல் அறைதான், தமிழ்க் காது பதற வேண்டாம்.) எழுத்து கணக்கெடுப்பவருக்கு, பெயர் புழங்குபவருக்கு. இரண்டும் தேவை.

அதே ஊர் டெக்னோபார்க்கில் ஓடும் சர்வர்களுக்கும் இந்த விதி பொருந்தும். லினக்ஸ் தன் டிஸ்க்குகளைக் கண்ணில் பட்ட வரிசையில் எஸ்டிஏ, எஸ்டிபி என்று அழைக்கிறது. கோயிலில் எழுத்து இடம் மாறாது. இங்கே புது டிஸ்க் ஒன்றைச் செருகி மறுபடி இயக்கினால், நேற்றைய 'பி' இன்று 'சி' ஆகிவிடலாம்.

இந்தத் தொல்லைக்கு ஒரு மருந்து, 1998-ல் ஹைன்ஸ் மவெல்ஸ்ஹாகன் லினக்ஸுக்கு எழுதிய எல்விஎம். பல டிஸ்க்குகளை ஒரே குளமாக்கி, வேண்டிய அளவுக்கு வால்யூம்களாகப் பிரித்துக் கொடுக்கும். ஒவ்வொன்றுக்கும் மாறாத நீண்ட அடையாள எண்ணை அதுவே எழுதிக்கொள்ளும். பெயர் வைப்பது மட்டும் மனிதர் பொறுப்பு. அவர் சோம்பினால் எல்வால் 0, எல்வால் 1 என்று அதுவே வரிசையாக வைத்துவிடும்.

வம்பு அங்கேதான். பெயரில் டிஸ்க் எண்ணைச் சேர்த்தால், தகவல் வேறு டிஸ்க்குக்குப் போன மறுநாளே அது பொய். 'புதுசு' என்ற பெயர் ஐந்தாண்டு கழித்தும் புதுசாகவே நிற்கும். சம்பளக் கணக்கு, மெயில், தற்காலிகப் பிரதியென்றால் கூடவே தேதி என்று வேலையைச் சொல்லும் பெயரே நிலைக்கும்.

இடம் போதாத ஒரு நள்ளிரவில் யாரோ ஒரு வால்யூமை நீக்கப் போவார். "எல்வால் 3-ஐ நிஜமாகவே நீக்கவா?" என்று இயந்திரம் ஒரே முறை கேட்கும். உள்ளே இருப்பது குப்பையா, ஊர்ச் சம்பளமா என்று அது சொல்லாது. அந்தப் பெயர்தான் சொல்ல வேண்டும். கோயிலில் ஓர் அறையைத் திறக்கலாமா என்பதற்கே உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். சர்வரில் ஓர் அறையையே அழிக்க 'ஒய்' என்ற ஓர் எழுத்து போதும்.