யாருக்கு எழுதுகிறார்கள்?

சர்க்கார் காரியமெல்லாம் இப்போது கம்பியூட்டருக்குள் போய்விட்டது. பட்டா வேண்டுமா, சாதிச் சான்று வேண்டுமா, முதியோர் பென்ஷன் வேண்டுமா, எதைக் கேட்டாலும் "இணையதளத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்" என்பதாகச் சொல்லிவிடுகிறார்கள். நல்லதுதான். ஒரு சிட்டாவுக்காக மூன்று நாள் கூலியைக் கெடுத்துக்கொண்டு ஆபீசு வாசலில் குந்தியிருந்த குடியானவனுக்கு அந்தக் கஷ்டம் தீருமானால், அதை நாம்தான் முதலில் வரவேற்போம். ஆனால் நாம் கேட்பதெல்லாம் ஒரே ஒரு கேள்விதான். "இருக்கிறது, இருக்கிறது" என்கிறீர்களே, அது யாருக்கு இருக்கிறது?

பல சர்க்கார் பக்கங்களைத் திறந்து பாருங்கள். முதலில் பெரிய மனிதர்களின் படம். அடுத்தாற்போல் வரவேற்புரை. பிறகு இலாகாவின் வரலாறு, அதன் நோக்கம், அதன் அமைப்பு, யாருக்குக் கீழ் யார் என்கிற வரிசை. அதற்குப் பிறகு, திறப்பு விழாவில் குத்துவிளக்கு ஏற்றிய போட்டோக்கள். இவ்வளவையும் தாண்டிப் போனால் எங்கேயோ ஒரு மூலையில், கோணலாகப் படம் பிடித்துப் போட்ட ஒரு காகிதம். அதுவும் இங்கிலீஷில். இதற்குப் பெயர் மக்கள் சேவையாம்!

அந்தப் பக்கத்துக்கு வருகிறவன் இலாகாவின் வரலாற்றைப் படித்து இன்புறுவதற்காக வருகிறானா? அப்பன் செத்துப்போனான், நிலத்தைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். மகளுக்குக் காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமைக்குள் சான்று காட்ட வேண்டும். இப்படி ஒரு அவசரத்தோடு வருகிறான். அவனுக்கு வேண்டியது ஐந்தே விஷயங்கள். என்ன காகிதம் வேண்டும்? எவ்வளவு பணம்? எத்தனை நாள்? யாரிடம் போவது? இல்லை என்று சொல்லிவிட்டால் மேலே யாரிடம் சொல்லுவது? இந்த ஐந்துக்கும் விடை சொல்லாத பக்கம் ஆயிரம் படம் போட்டாலும் வெறும் சுவர்தான்.

இந்த மாதிரிப் பக்கங்களில் அடிக்கடி காணக்கூடிய வாக்கியம் எப்படிப்பட்டதென்றால், "விண்ணப்பதாரர் உரிய ஆவணங்களுடன் உரிய அலுவலரை உரிய காலத்தில் அணுகி உரிய முறையில் விண்ணப்பித்துப் பயன்பெறலாம்" என்பதாக இருக்கும். "உரிய" என்பது நாலு தரம் வருகிறது. ஆனால் நாலில் ஒன்றுக்காவது விடை உண்டா? எழுதினவருக்கு விடை தெரியும். படிக்கிறவனுக்குத்தான் தெரியாது. தெரிந்தவர் தெரிந்ததை ஒளித்து வைத்துக்கொண்டு, தெரியாதவனைப் பார்த்துப் "பயன்பெறு" என்கிறார்.

நம் சங்கராபுரத்தையும் அதற்கு மேற்கே நிற்கிற கல்வராயன் மலையையும் வைத்தே பார்ப்போம். மலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடி மக்கள் கேரளத்துக்காரர்கள் அல்ல. தமிழ் பேசுகிற மலைவாழ் மக்கள். அவர்கள் 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் கிடந்தவர்கள். அவர்களுடைய பிள்ளை ஒன்று செல்போனை எடுத்துப் பழங்குடியினர் பட்டியலைத் தேடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் "மலையாளி" என்று இருக்கிறது. பக்கத்தில் தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி என்று ஆறு ஜில்லாக்களின் பெயர் இருக்கிறது. கள்ளக்குறிச்சி எங்கே? இல்லை! ஏனென்றால் பட்டியல் பழையது. தென்னார்க்காட்டிலிருந்து விழுப்புரம் 1993-ல் பிரிந்தது. விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி 2019-ல் பிரிந்தது. ஆக, அந்தப் பிள்ளைக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமையைக் கண்டுபிடிக்க ஜில்லாக்கள் பிரிந்த சரித்திரத்தை அது தெரிந்து வைத்திருக்க வேண்டும்! "கல்வராயன் மலை பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்தது, ஆகவே உனக்கு உரிமை உண்டு, பழங்குடியினருக்குச் சான்று கொடுப்பவர் தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர்" என்று மூன்று வரி எழுதினால் காரியம் முடிந்தது. அந்த மூன்று வரி இல்லாததனால், அந்தப் பிள்ளையின் தகப்பன் மலையை விட்டு எத்தனை தரம் இறங்கி ஏறவேண்டும்? எத்தனை நாள் கூலி போகவேண்டும்?

இதிலே எல்லாவற்றையும்விடக் கொடுமை ஒன்று உண்டு. படித்துப் பார்த்துப் புரியாதவன் எழுதினவனைக் கோபித்துக்கொள்வதில்லை. "நமக்குப் படிப்பு போதாது" என்று தன்னையே நொந்துகொள்ளுகிறான். கல்யாணத்தில் புரோகிதர் சொல்லுவது மாப்பிள்ளைக்கும் புரிவதில்லை, பெண்ணுக்கும் புரிவதில்லை. புரியாததனாலேயே அதற்கு மதிப்பு என்று நம்மை நம்பவைத்தார்கள் அல்லவா? அதே புத்திதான் இங்கேயும் வேலை செய்கிறது. புரியாதது பெரியது என்கிற எண்ணம் உள்ளவரையில் புரோக்கருக்குப் பிழைப்பு உண்டு. பக்கம் எவ்வளவு குழப்பமோ, ஆபீசு வாசலில் நிற்கும் தரகனுக்கு அவ்வளவு வரும்படி. ஆகவே நாம் திட்டமாகச் சொல்லுகிறோம்: பொதுஜனங்களுக்கு என்று எழுதிய ஒன்று பொதுஜனங்களுக்குப் புரியவில்லையென்றால், குற்றம் எழுதியவனுடையதே தவிரப் படித்தவனுடையதல்ல.

இதை நாம் மாத்திரம் சொல்லவில்லை. சட்டமே சொல்லுகிறது. 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, கேட்காமலே சர்க்கார் தானாகச் செய்திகளை வெளியிட வேண்டும் என்கிறது. அதுவும் பொதுமக்களுக்கு எளிதில் கிடைக்கும்படியும், அந்தந்த இடத்து மொழியையும் அங்கே எடுபடக்கூடிய முறையையும் கவனித்தும் வெளியிட வேண்டும் என்கிறது. சர்க்கார் இணையதளங்கள் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு மத்திய சர்க்கார் 2009-லேயே விதிமுறை போட்டு, 2023-ல் அதன் மூன்றாம் பதிப்பையும் வெளியிட்டிருக்கிறது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கண் தெரியாதவர்களுக்கும் இவை எட்டவேண்டும் என்கிறது. கண் தெரியாதவருக்கு எழுத்தை வாசித்துக் காட்டக் கருவி வந்துவிட்டது. ஆனால் கோணலாகப் படம் பிடித்துப் போட்ட காகிதத்தில் அந்தக் கருவி எதை வாசிக்கும்? ஆகவே சட்டத்துக்குப் பஞ்சமில்லை. மனசுக்குத்தான் பஞ்சம்.

சீமையில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். பிரிட்டிஷ் சர்க்காரில் இலாகாவுக்கு ஒரு தளம், கமிஷனுக்கு ஒரு தளம் என்று நூற்றுக்கணக்கில் இருந்தன. 2012 அக்டோபரில் எல்லாவற்றுக்குமாக ஒரே தளத்தைத் திறந்து, முந்நூறுக்கும் மேற்பட்ட தளங்களை அதற்குள் கொண்டுவந்தார்கள். அவர்கள் முதலில் வைத்துக்கொண்ட விதி, இலாகாவின் தேவையல்ல, வருகிறவனின் தேவையே முதல் என்பது. ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்னால் மூன்று கேள்விக்கு விடை எழுதினார்கள். வருகிறவன் யார்? அவனுக்கு என்ன வேண்டும்? எதற்காக வேண்டும்? இதற்கு விடையில்லையென்றால் அந்தப் பக்கத்துக்கு அங்கே வேலையில்லை. இதற்கு என்ன பெரிய விஞ்ஞானம் வேண்டும்? மளிகைக் கடைக்காரர் கூடத் "தம்பி, என்ன வேணும்?" என்றுதானே முதலில் கேட்கிறார்? தன் பாட்டனார் கடை வைத்த கதையையா சொல்லுகிறார்?

நிற்க. எழுத்து என்பது வணங்குவதற்கல்ல, உபயோகப்படுத்துவதற்கே என்பது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1935-ல் 'குடிஅரசு' எழுத்துச் சீர்திருத்தத்தைக் கைக்கொண்டபோது பண்டிதர்கள் சிரித்தார்கள். 1978-ல் சர்க்காரே அதை உத்தரவாக ஏற்றுக்கொண்டது. அதேபோல், ஆளுக்கொரு எழுத்துரு வைத்துக்கொண்டு, ஒரு கம்பியூட்டரில் அடித்த தமிழ் இன்னொன்றில் கட்டமும் புள்ளியுமாகத் தெரிந்த காலம் ஒன்று இருந்தது. 2010-ல் யூனிகோடைச் சர்க்கார் ஏற்றதிலிருந்து அதற்கும் வழி பிறந்தது. எழுத்தையே மக்களுக்காக மாற்ற முடிந்த நாட்டில், நாலு வாக்கியத்தை மாற்ற முடியாதா?

சிலர் கேட்கலாம்: "மலையில் பல இடத்தில் டவரே சரியாகக் கிடைக்கவில்லை, அங்கே இணையதளம் எப்படி எழுதினால் என்ன?" என்று. டவர் வேண்டும் என்று போராடத்தான் வேண்டும். ஆனால் அதுவரையில் அவனுக்காகப் படிக்கிறவர்கள் யார்? இ-சேவை மையத்துப் பெண்ணும், எட்டாவது படிக்கும் பேரனும்தானே? அவர்களுக்கே புரியாததை அவர்கள் எப்படி இன்னொருவருக்குச் சொல்லுவார்கள்?

இன்னும் சிலர், "சட்டச் சொல்லை மாற்றினால் அர்த்தம் கெட்டுவிடும்" என்பார்கள். சட்டம் சட்டப் புத்தகத்திலேயே இருக்கட்டும். அதை யாரும் அழிக்கச் சொல்லவில்லை. ஜனங்கள் "சாதி சர்டிபிகேட்" என்று தேடுகிறார்கள். ஆபீசில் ஒருவர் "இனச் சான்று" என்கிறார். இன்னொருவர் "சமுதாயச் சான்று" என்கிறார். மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதிவைத்தால் என்ன நஷ்டம்? இங்கிலீஷ் கடினம் என்று சொல்லிவிட்டு, அதைவிடக் கடினமான தமிழை எழுதுவதும் ஒரு அகம்பாவமே.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான்.

1. ஒவ்வொரு பக்கத்தின் முதல் வரியும் வருகிறவனின் கேள்விக்கு விடையாக இருக்கவேண்டும். படமும் வரவேற்புரையும் கடைசிக்குப் போகட்டும்.

2. ஜனங்கள் வழங்கும் பெயரிலேயே காரியத்தைச் சொல்லவேண்டும்.

3. காகிதம், பணம், நாள், ஆள், அப்பீல் ஆகிய ஐந்தும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும்.

4. காகிதத்தைப் படம் பிடித்துப் போடாமல், எழுத்தாகவே போடவேண்டும். என்றைக்கு எழுதினது என்கிற தேதியும் வேண்டும்.

5. எழுதினதை மேலதிகாரியிடம் காட்டிக் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால், சந்தைக்கு வந்த ஐந்து பேரிடம் காட்டிப் படிக்கச் சொல்லவேண்டும். அவர்கள் எந்த இடத்தில் நிற்கிறார்களோ, அந்த இடத்தைத் திருத்தவேண்டும்.

இது சர்க்காருக்கு மாத்திரமல்ல. கூட்டுறவுச் சங்கமும், பள்ளிக்கூடமும், கட்சிகளும், பொது ஸ்தாபனங்களும் நடத்துகிற பக்கங்களுக்கும் இதேதான். தலைவர் படத்தை வீடு நிறையப் போட்டுவிட்டு, உறுப்பினன் கேட்பதற்கு விடை சொல்லாத எந்தப் பக்கமும் இந்தக் குற்றத்திலிருந்து தப்பமுடியாது.

தோழர்களே! இனி ஒரு பக்கம் புரியவில்லையென்றால் தலையைக் குனிந்துகொண்டு திரும்பாதீர்கள். எந்த வரி புரியவில்லை என்று குறித்துக்கொண்டு, "இதற்கு என்ன அர்த்தம்?" என்று எழுதிக் கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் கேட்கச் சட்டம் இருக்கிறது. ஒருவர் கேட்டால் குப்பையில் போடுவார்கள். ஊருக்குப் பத்துப் பேர் கேட்டால் பக்கத்தைத் திருத்துவார்கள். நம் வரிப்பணத்தில் எழுதுகிற எழுத்து நமக்குப் புரியவேண்டும் என்று கேட்பது பிச்சையல்ல, உரிமை.