வீட்டுக் கடனும் வீட்டு உறுதியும்

 

அரைச் சுவரோடு நின்றுபோன வீடுகள் நம் ஊர்களில் எத்தனை! சீமெந்து விலை ஏறியது, கணவரின் வெளிநாட்டு வேலை முடிந்தது, சீட்டுக் காசு வேறு தேவைக்குப் போனது என்று காரணங்கள் பல. அப்போதுதான், "அரசாங்கத்தில் வீட்டுக் கடன் எடுத்தால் என்ன?" என்ற பேச்சு எழுகிறது.

எடுக்கலாம். கிராமத்துக் குடும்பங்கள் தாமே வீடு கட்டிக்கொள்ளச் சிறு கடன் கொடுப்பது நம் நாட்டில் பழைய ஏற்பாடு. தேசிய வீடமைப்பு அதிகார சபை 1979இல் அமைக்கப்பட்டது. 1984 முதல் 1989 வரை நடந்த பத்து இலட்சம் வீடமைப்புத் திட்டம் இந்த வழியில்தான் கிராமங்களுக்கு வந்தது. கடன் காசு ஒரே தடவையில் கைக்கு வருவதில்லை என்பதை நினைவில் வையுங்கள். அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை ஏற ஏறத்தான் அடுத்த தவணை கிடைக்கும். வருமானத்துக்கு அத்தாட்சி கேட்பார்கள், பிணையாளி கேட்பார்கள். இவற்றை எப்படியும் தேடிக்கொள்ளலாம். பெரும்பாலானோர் இடறுவது, "காணி யாருடைய பெயரில் இருக்கிறது?" என்ற கேள்வியில்.

காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறைப் பக்கங்களில் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். பெண் வீட்டார் வீடு கட்டிக் கொடுத்தே ஆகவேண்டும் என்ற இந்த வழக்கத்தை நான் ஆதரிப்பவளல்ல. மஹர் கொடுக்கும் கடமை மாப்பிள்ளைக்குத்தான் இருக்கிறது. ஆனால் வாப்பா வியர்வை சிந்திக் கட்டிக் கொடுத்துவிட்ட வீடு உங்களுடையதாகவாவது இருக்க வேண்டாமா? "இது மகளுக்குத்தான்" என்று சபையில் சொன்னது சட்டத்தில் செல்லாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி கைமாற நொத்தாரிசின் முன் இரண்டு சாட்சிகளோடு உறுதி முடிக்க வேண்டும். கைக்கூலி என்று காதியாரிடம் கேட்கலாமே என நினைப்பீர்கள். முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலி என்று சொல்வது பணத்தையும் அசையும் பொருட்களையுமே. வீடும் வளவும் அதில் அடங்கா.

உறுதி முடிக்காமலே வாப்பா மௌத்தாகிவிட்டால் என்ன நடக்கும்? உம்மா, ஒரு நானா, நீங்கள், ஒரு தங்கை இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாப்பாவின் பெற்றோர் இல்லை. உம்மாவுக்கு எட்டில் ஒன்று. மீதியில் நானாவுக்கு இரண்டு பங்கு, உங்கள் இருவருக்கும் ஒவ்வொரு பங்கு. நீங்கள் குடியிருக்கும் அந்த வீட்டில் உங்களுக்குரியது 32இல் 7 பங்கு மட்டும்! கடனுக்கு அதை ஈடு வைக்க எல்லோருடைய கையொப்பமும் தேவை. நானா நல்லவராக இருக்கலாம். மதினியும் அப்படியே இருக்க வேண்டும் அல்லவா!

2004 சுனாமிக்குப் பின்னர் கிழக்குக் கரையில் இன்னொரு விதமான இழப்பும் நேர்ந்தது. கடலோரத்தில் பெண்ணின் பெயரில் சீதன வீடு இருந்தது. அதற்குப் பதிலாகக் கிடைத்த அரச காணியும் வீடும் பல இடங்களில் "குடும்பத் தலைவர்" என்று கணவரின் பெயரில் எழுதப்பட்டன. அழிந்த வீட்டுக்கு உரியவள் புதிய வீட்டுக்கு உரியவளாக இல்லை. கேட்டிருந்தால் மாற்றியிருக்கலாமோ என்னவோ, அந்த நேரத்தில் யாருக்குக் கேட்கத் தோன்றும்?

குடியேற்றப் பகுதிகளில் இருப்பவர்கள் உறுதிக்குப் பதிலாக அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோ வைத்திருப்பீர்கள். இவை 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. நினைத்த இடத்தில் ஈடு வைக்க இயலாது, முதலில் பிரதேச செயலகத்தில் கேட்க வேண்டும். பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாமல் இருந்தால், பெண்பிள்ளைகளுக்கு முன் ஆண்பிள்ளைகளுக்கே காணி போகும் என்றிருந்த ஒழுங்கு 2022இல் திருத்தப்பட்டது. ஆனாலும் பெயர் குறித்து வைப்பதே நல்லது.

வட்டியைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். அரசாங்கக் கடன் என்பதற்காக வட்டி வேறொன்றாகிவிடாது. வட்டி எவ்வளவு என்று கேட்டு, ஆலிம்களிடமும் விசாரித்து முடிவெடுங்கள். 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்ட பின்னர் வட்டியில்லா வங்கி முறைக்கு வழி திறந்தது. 2011இல் அமானா வங்கி தொடங்கியது. குறைந்து செல்லும் பங்குடைமை என்ற முறையில் வங்கியும் நீங்களும் வீட்டில் பங்காளிகள். வங்கியின் பங்குக்கு வாடகை கொடுத்துக்கொண்டே அந்தப் பங்கைச் சிறிது சிறிதாக வாங்குகிறீர்கள். அங்கேயும் முதலில் காணிப் பத்திரத்தைத்தான் பார்ப்பார்கள்.

கணவரின் வியாபாரத்துக்காக உங்கள் வளவை ஈடு வைக்கச் சொன்னால், எழுதியிருப்பதை வாசிக்கச் சொல்லிக் கேட்டபின் கையொப்பமிடுங்கள். அது அவநம்பிக்கை ஆகாது. கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைக்கும்படி சூரா அல்பகராவின் 282ஆம் வசனம் நம்மைப் பணிக்கிறது.

உறுதியின் மூலப்பிரதி கடன் தீரும்வரை கொடுத்த இடத்திலேயே இருக்கும். கொடுக்குமுன் ஒரு பிரதி எடுத்து, உறுதி இலக்கத்தையும் நொத்தாரிசின் பெயரையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். கடைசித் தவணை கட்டியதும் ஈடு நீக்கிய பத்திரத்தைக் கேட்டு வாங்கி, காணிப் பதிவகத்தில் பதியச் செய்யுங்கள். பதியாவிட்டால் கட்டி முடித்த கடனும் பதிவேட்டில் ஈடாகவே நிற்கும்.