முதலில் சிறையதிகாரியிடம் சொல்



பங்கில் இருவருக்கிடையே மனத்தாங்கல் எழுந்தால், நீதிமன்றப் படியேறுமுன் பெரியோரிடம் சொல்லித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று நாம் பலமுறை கேட்டுக்கொண்டதுண்டு. நல்ல வழக்கம்தான் அது. அமெரிக்க நாடு இதனைத் தன் சிறைகளில் சட்டமாகவே ஆக்கியுள்ளது. ஆயினும் அங்கு அது வேறு முகம் காட்டுகிறது.

1996 ஏப்ரலில் அதிபர் கிளிண்டன் கையொப்பமிட்ட சட்டத்தின்படி, சிறையின் நிலைமை குறித்து ஒரு கைதி கூட்டரசு நீதிமன்றம் செல்ல வேண்டுமாயின், முதற்கண் சிறைக்குள்ளேயே முறையிட வேண்டும். படிவம் எழுதி, மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்து, இறுதிப்படிவரை ஏறியாக வேண்டும். தண்டனை பெற்றோர்க்கு மட்டுமன்று, விசாரணைக் கைதிகளுக்கும் இதே விதி.

கைதிகள் அற்பக் காரணங்களுக்காக வழக்காடுகின்றனர் என்பதே அன்று சொல்லப்பட்ட நியாயம். ரொட்டியில் தடவும் வேர்க்கடலை வெண்ணெய் வகை மாறி வந்ததற்கு ஒருவர் வழக்குத் தொடுத்தாராம் என்று சொல்லிச் சிரித்தார்கள். வழக்கின் ஏடுகளைப் பார்த்த நீதிபதி ஜான் நியூமன் வேறு கதை சொன்னார். சிறைக்கடை தவறாக அனுப்பியதைக் காவலர் திரும்பப் பெற்றுக்கொண்டார்; மறுநாள் சரியானது வரும் என்றார். அன்று மாலையே கைதி வேறு சிறைக்கு மாற்றப்பட்டார். பொருள் வரவில்லை, அவர் கணக்கில் இரண்டரை டாலர் மட்டும் குறைந்தது. சிறு தொகைதான். சிறையிலிருப்பவருக்கு அது சிறிதா? வீண் வழக்குகளே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. சிரிக்குமுன் ஏட்டைப் புரட்டியிருக்கலாம்.

2006இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த கலிபோர்னிய வழக்கு நமக்கு நெருக்கமானது. சிறையின் சிற்றாலயத்தில் தகாத செயலில் ஈடுபட்டதாக ஒருவரைத் தனியறையில் அடைத்தனர். வெளியே விட்ட பின்னும் சமய நிகழ்ச்சிகளில் பங்குபெற விடவில்லை என்பது அவர் முறையீடு. 15 வேலை நாள்களுக்குள் தர வேண்டியதை ஏறத்தாழ 6 மாதம் கழித்துத் தந்தார். காலம் கடந்ததென்று சிறை தள்ளிற்று. உள்ளே இனி வழியில்லை, ஆகவே நீதிமன்றம் கேட்கலாம் என்றார் கைதி. கெடுவுக்குள் முறைப்படி முறையிட்டிருக்க வேண்டும் என்றனர் 6 நீதிபதிகள். 3 பேர் மறுத்தனர். வழிபாட்டுத் தடை நியாயமா என்ற கேள்வி அங்கே தொடப்படவேயில்லை. வெளியில் வாழ்வோர்க்கோ இத்தகைய உரிமை வழக்குக்கு ஆண்டுக்கணக்கில் அவகாசமுண்டு.

கெடுவைவிட நம்மை உறுத்துவது வேறொன்று. படிவத்தை வாங்குபவர் யார்? பல வேளைகளில் குற்றம் சாட்டப்பட்டவரின் உடன்பணியாளர். சில வேளை அவரேதான். 2016இல் நீதிபதி எலனா கேகன் எழுதிய தீர்ப்பு இதனை ஓரளவு உணர்ந்தது. முறையீட்டுக்கு ஒருபோதும் பரிகாரம் தராத அலுவலர், எவருக்கும் விளங்காத விதிகள், மிரட்டியும் ஏமாற்றியும் தடுத்தல் ஆகியவற்றுள் ஒன்றிருப்பினும், அங்கே வழியிருப்பதாகக் கொள்ளலாகாது என்றது.

மிச்சிகன் மாநிலக் கைதி ஒருவர், சிறை அலுவலர் தம்மிடம் பாலியல் முறைகேடாக நடந்தார், முறையீட்டுப் படிவங்களைக் கிழித்தார், மேலும் எழுதினால் கொன்றுவிடுவதாக மிரட்டினார் என்று வழக்குத் தொடுத்தார். முறையிட்டாரா இல்லையா என்பதை நீதிபதியே தீர்க்கலாம் என்றது அலுவலர் தரப்பு. வழக்கின் சாரமும் இக்கேள்வியும் பின்னிக் கிடக்கும்போது, அதனை ஜூரிகளே ஆராய வேண்டும் என்று 2025 ஜூனில் 5 நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். 4 பேர் இசையவில்லை. கிழிந்த படிவத்தைக் கைதி எங்கிருந்து கொணர்ந்து காட்டுவார்? அவரிடம் எஞ்சியிருப்பது அவர் வாய்ச்சொல். அதனைக் கேட்டு நம்பவோ மறுக்கவோ, பொதுமக்களுள் சிலர் இனி நீதிமன்றத்தில் அமர்வர்.