பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா, வாங்கினால் எதை?

என் வயதுக்காரர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் பதில் தயாராக இருக்கும். "இரண்டு பேர் உட்காருகிற வண்டிக்கு இருபது லட்சமா? கொழுப்பு." நான் அப்படிச் சொல்லவில்லை. அதனால் மஞ்சக்குப்பம் நடைப்பயிற்சிக் கூட்டத்தில் ஒரு வாரமாக எனக்கு நல்ல பெயர் இல்லை. என் பக்கத்து நியாயத்தை இங்கே எழுதிவிடுகிறேன்.

விஷயம் இதுதான். சிதம்பரத்தில் என்னோடு வேலை பார்த்த நண்பரின் மகன் வளைகுடாவில் 14 வருஷம் இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டான். வீடு கட்டியாயிற்று, தங்கை கல்யாணம் முடிந்தது, அப்பாவின் இருதய ஆபரேஷனும் அவன் பணத்தில்தான். எல்லாம் போக 20 லட்சம் தனியாக வைத்திருக்கிறான். அதில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார், புதிதல்ல, பழையது வாங்க வேண்டும் என்பது அவன் ஆசை. அப்பா பி.முட்லூர் பக்கம் மனை வாங்கச் சொல்கிறார். இரண்டு பேரும் சாப்பாட்டு நேரத்தில் கூடப் பேசிக்கொள்வதில்லை. பையன் என்னிடம் நான்கு பெயர் எழுதிய ஒரு தாளோடு வந்தான். ஆடி டிடி, பி.எம்.டபிள்யூ இசட்4, போர்ஷே பாக்ஸ்டர், சான் ஸ்டார்ம். "மாமா, எது வாங்கலாம்னு நீங்க சொல்லுங்க. அப்பாகிட்டயும் நீங்கதான் பேசணும்" என்றான்.

இவனுக்கு நான் எப்படி காரைப் பற்றிச் சொல்வது என்று நீங்கள் கேட்கலாம். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். விடுமுறைக்கு வந்த சொல்தாக்கள் விட்டுச்சென்ற பழைய கார் பத்திரிகைகள்தான் எங்கள் வகுப்பில் பாடப் புத்தகத்தை விட அதிகமாகக் கிழிந்தவை. பிற்பாடு கருவூலத்தில் எழுத்தராகி, சலான்களுக்கு நடுவே முப்பத்தைந்து வருஷம் போயிற்று. கார் பைத்தியமும் கணக்குப் புத்தியும் ஒரே உடம்பில் இருப்பது கொஞ்சம் சங்கடமான சேர்க்கை. ஆனால் இந்த விஷயத்துக்கு இரண்டும் வேண்டும்.

பிரெஞ்சில் பழைய காரை 'வுவாத்யூர் தொக்காசியோன்' என்பார்கள். 'ஒக்காசியோன்' என்றால் வாய்ப்பு, நல்ல சந்தர்ப்பம் என்றும் பொருள். நம் தமிழில் 'செகண்ட் ஹேண்ட்' என்கிறோம், வேறு கை பட்டது என்ற எச்சரிக்கை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் விஷயத்தில் நம் சொல்தான் சரி.

கருவூலத்தில் மூலதனச் செலவு வேறு, வருவாய்ச் செலவு வேறு. கட்டடம் கட்டுவது ஒரு தலைப்பு, அதற்கு வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிப்பது இன்னொரு தலைப்பு. பழைய வெளிநாட்டு காரில் முதல் தலைப்பு மட்டும்தான் விலை குறைகிறது. ஒரு கோடி ரூபாய் வண்டி பத்து வருஷத்தில் இருபது லட்சத்துக்கு வரலாம். அதன் பிரேக் டிஸ்க் மட்டும் இன்றைக்கும் கோடி ரூபாய் வண்டியின் பிரேக் டிஸ்க்தான். ஃபெராரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எஃப்355 மாடலில் டைமிங் பெல்ட் மாற்றுவதற்கு எஞ்சினையே வெளியே இறக்க வேண்டும். சில வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றியே ஆக வேண்டிய பெல்ட் அது. சச்சினுக்குப் பரிசாக வந்த ஃபெராரிக்கு 1 கோடிக்கு மேல் சுங்கம் வந்து நாடே விவாதித்தது நினைவிருக்கும். சுங்கம் ஒரு தடவையோடு போய்விடும். பெல்ட் அப்படிப் போகாது.

ஆகவே பையனிடம் முதலில் சொன்னது, 20 லட்சம் இருந்தால் 13 லட்சத்துக்கு வண்டி பார். மீதி 7 லட்சம் வங்கியில் வண்டியின் பெயரிலேயே இருக்கட்டும். அதைத் தொட மாட்டேன் என்று உன்னால் சொல்ல முடியாவிட்டால் அப்பா சொல்கிற மனைதான் சரி.

அடுத்து வண்டி. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் ஏதோ தேவலோகத்திலிருந்து இறங்கியது என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படியல்ல. என் வயதுக்காரர்களுக்கு மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் தெரியும். டாக்டர்களும் வக்கீல்களும் ஓட்டிய குடும்ப வண்டி. அதன் மூல வண்டியான ட்ரையம்ஃப் ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் இங்கிலாந்தில் 1962-ல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். பிரான்சில் ழான் ரெதெலே என்பவர் தியெப் என்ற துறைமுக ஊரில் ரெனோ வண்டி விற்றுக்கொண்டிருந்தவர். சாதாரண ரெனோ 4சிவி-யின் பாகங்களைக் கொண்டு 1955-ல் அல்பீன் கம்பெனியைத் தொடங்கினார். கண்ணாடி நார் உடம்பு, சின்ன எஞ்சின், எடை குறைவு, அவ்வளவுதான் ரகசியம். அந்த அல்பீன்தான் 1973-ல் முதல் உலக ராலி சாம்பியன்ஷிப்பை வாங்கியது. எங்கள் வகுப்பில் அன்று யாருக்கும் பாடம் ஏறவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் அதற்குள் பள்ளியை விட்டு வந்துவிட்டிருந்தோம்.

இதிலிருந்து என் அளவுகோல் ஒன்றே ஒன்று. மேலே எவ்வளவு அலங்காரம் வேண்டுமானாலும் இருக்கட்டும், அடியில் குடும்ப வண்டி இருக்க வேண்டும். அப்போதுதான் மெக்கானிக் கிடைப்பார், பாகம் கிடைக்கும்.

இந்த அளவுகோலில் பையனின் தாளைப் பார்ப்போம். போர்ஷே பாக்ஸ்டரை ஓட்டியவர்கள் அதன் வளைவுத் திருப்பத்தைப் புகழாமல் இருந்ததில்லை. ஆனால் எஞ்சின் நடுவில் புதைந்திருக்கிறது. எட்டிப் பார்க்கவே கஷ்டம். 2008 வரை வந்தவற்றில் எஞ்சினுக்குள் இடைத்தண்டு பேரிங் ஒன்று முன்னறிவிப்பு இல்லாமல் போய், மொத்த எஞ்சினையும் கொண்டுபோகும் கதை உலகறிந்தது. எல்லா வண்டியிலும் போவதில்லை. ஆனால் போகிற ஒன்று உன் வண்டியாக இருந்தால் அந்த 7 லட்சமும் போதாது. வேண்டாம். இசட்4 நல்ல வண்டிதான். பிந்தைய மாடலில் மடக்கும் இரும்புக் கூரை இருக்கிறது, மோட்டாரும் ஹைட்ராலிக்கும் சென்சாருமாக. நம் கடலோர உப்புக் காற்றில் அந்த மெக்கானிசம் எத்தனை நாள் சிணுங்காமல் இருக்கும்? கடலூரில் கூரையைத் திறந்து ஓட்டக்கூடிய நாட்களை விரல் விட்டு எண்ணலாம். மார்கழி, தை, அதிலும் காலை ஒன்பது மணிக்குள்.

சான் ஸ்டார்மைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு கொஞ்சம் அடித்துக்கொண்டது. அது நம் நாட்டு வண்டி. 1998-ல் கோவாவிலிருந்து வந்தது. இரண்டு சீட்டு, கண்ணாடி நார் உடம்பு, 1149 சிசி ரெனோ எஞ்சின், வடிவமைப்பிலும் பிரெஞ்சுக்காரர்களின் கை. அதாவது ரெதெலேயின் சமையல் குறிப்பேதான், நம் அடுப்பில். 60 குதிரைச் சக்திதான். இன்றைய மாருதி ஸ்விஃப்ட் அதை முந்திவிடும். அதனால் என்ன, கீழே உட்கார்ந்து 60 கிலோமீட்டர் வேகத்தில் போனாலே 100 போலிருக்கும். உடம்பு துருப்பிடிக்காது. இறக்குமதி வண்டி என்ற முத்திரையும் கிடையாது. எனக்கு இருபது வயது குறைந்தால் இதைத்தான் வாங்குவேன். ஆனால் அந்த எஞ்சின் இங்கே வேறு எந்தக் குடும்ப வண்டியிலும் பரவலாக வரவில்லை. ஒரு கேஸ்கெட்டுக்குக்கூட வெளிநாட்டுக்கு எழுத வேண்டியிருக்கும். என்னைப் போல வேலையில்லாத கிழவனுக்கு அது பொழுதுபோக்கு. பிழைப்பைப் பார்க்க வேண்டிய பையனுக்கு அது தலைவலி.

மிச்சம் ஆடி டிடி. பெயரைக் கேட்டால் அப்பாவுக்கு மயக்கம் வரும். ஆனால் அதன் இரண்டாம் தலைமுறை வண்டியின் அடித்தளம், நம் ஊரில் லாரா என்று விற்ற ஸ்கோடாவின் அடித்தளம்தான். எஞ்சினும் அதே குடும்பம். ஸ்கோடாவையும் ஃபோக்ஸ்வாகனையும் பிரித்துப் போட்டுப் பழகிய மெக்கானிக்குகள் புதுச்சேரியிலும் சென்னையிலும் நிறையப் பேர். கூரை அசையாது. பின்னால் பெயருக்கு இரண்டு சீட்டு, ஒரு பை மூட்டை வைக்கலாம். ஒரு குறை, உடம்பில் முன்பக்கம் பெரும்பாலும் அலுமினியம், பின்பக்கம் இரும்பு. அலுமினியம் துருப்பிடிக்காது, ஆனால் இடித்துக்கொண்டால் நம் டிங்கரிங் கடையில் தட்டி எடுக்க முடியாது. ஆகவே இடிபட்ட வண்டியை மட்டும் தொடாதே என்றேன். என் ஓட்டு டிடிக்கு.

ஓட்டுப் போட்டால் போதாது, எந்த டிடி என்பது அதைவிட முக்கியம். இங்கே நம் ஊரின் அனுபவம் உதவும். 2011-ல் தானே, 2015-ல் வெள்ளம், 2024-ல் ஃபெஞ்சல் என்று தண்ணீர் என்ன செய்யும் என்பதைக் கடலூர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2015 டிசம்பரில் சென்னையில் மூழ்கிய சொகுசு கார்கள் ஏலத்துக்குப் போய், துடைத்துத் துலக்கி மறுபடி சந்தைக்கு வந்தன. வெளியே பார்த்தால் கல்யாணப் பெண் மாதிரி இருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் கோடு போட்டது போல் சேறு இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். தரை விரிப்பைத் தூக்கி முகருங்கள். உதிரிச் சக்கரக் குழியைப் பாருங்கள். சீட்டைப் பிடித்திருக்கும் போல்ட் துருப்பிடித்திருந்தாலும் சந்தேகம்தான்.

டில்லி வண்டி மலிவாக வரும். அங்கே 15 வருஷப் பெட்ரோல் வண்டிக்குத் தடை என்ற தீர்ப்புகளால் தள்ளிவிடுகிறார்கள். இங்கே கொண்டுவந்தால் தடையில்லாச் சான்று வாங்கி, பதிவை மாற்றி, ஆயுள் வரி கட்ட வேண்டும். அந்த வரி நீங்கள் பேரம் பேசிக் கொடுத்த விலையில் அல்ல, வண்டியின் அசல் விலையையும் வயதையும் வைத்து. பி.ஒய். நம்பர் வண்டியும் மலிவு என்பார்கள். மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரி கூப்பிடு தூரம்தான், ஆனால் வேறு மாநில நம்பரை இங்கே 12 மாதத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்பது மத்திய சட்டம். என் நண்பர்கள் பலர் இதை வெறும் சம்பிரதாயம் என்கிறார்கள். சம்பிரதாயத்தில் முப்பத்தைந்து வருஷம் சோறு தின்றவன் என்ற முறையில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

புதுப்பிப்புக் கட்டணத்தையும் யாரும் கேட்பதில்லை. 15 வருஷம் முடிந்த சாதாரண காருக்கு 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். ஆர்.சி.யில் இறக்குமதி வண்டி என்றிருந்தால் 40,000. 20 வருஷம் தாண்டினால் 2025-ல் வந்த உத்தரவுப்படி அதுவே 80,000. ஆகவே ஆர்.சி.யில் வண்டி எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்பதை முதலில் படியுங்கள், பெயின்ட்டை அப்புறம் தடவிப் பார்க்கலாம். ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிக்குக் காப்பீட்டு மதிப்பு, நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு செய்வது. வாயைத் திறந்து பேசுங்கள். தண்ணீரில் எஞ்சின் போனால் ஈடு தருகிற கூடுதல் பாதுகாப்பையும் கட்டாயம் எடுங்கள், கடலூரில் குடியிருந்தால்.

நண்பரிடமும் பேசினேன். சிதம்பரத்துத் தேரோடும் வீதிகளுக்கு ஆங்கிலப் பலகையில் 'கார் ஸ்ட்ரீட்' என்றுதான் எழுதியிருக்கிறது, உங்கள் மகன் காரும் ஓடட்டுமே என்றேன். அவர் சிரிக்கவில்லை. "மனைன்னா விலை ஏறும், இது இறங்கும்" என்றார். உண்மைதான். ஆனால் அந்தப் பையன் 24 வயதில் போய் 38 வயதில் திரும்பியவன். மற்ற பையன்கள் பைக்கில் பிச்சாவரம் சுற்றிய வருஷங்களில் அவன் நான்கு பேர் படுக்கிற அறையில் இருந்து பணம் அனுப்பினான். அந்தப் பணத்தில் ஒரு பைசாவுக்குக்கூட அவன் கணக்குக் கேட்டதில்லை. இப்போது மிச்சத்துக்கு நாம் கணக்குக் கேட்பது முறையா என்று கேட்டேன். நண்பர் வெகுநேரம் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, "வேகமா ஓட்டுவானேப்பா, அதான்" என்றார். பணம் அல்ல விஷயம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இருதய ஆபரேஷன் ஆன மனிதர், ஒரே மகன்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. கடலூரிலிருந்து சிதம்பரம் வரை எத்தனை வேகத்தடை என்று மட்டும் சொன்னேன். தரையோடு ஒட்டிய வண்டி அவற்றில் தேர் மாதிரித்தான் நகர முடியும்.

போன வாரம் பெங்களூரில் ஒரு வெள்ளை டிடி பார்த்திருக்கிறான். இடிபடாதது, சீட் பெல்ட்டும் சுத்தம். ஆனால் முதல் உரிமையாளர் கடன் அடைத்ததற்கான ஃபாரம் 35 இல்லை. வங்கியிலிருந்து அது வரும் வரை அட்வான்ஸ் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன். வண்டியைப் பார்க்க அடுத்த தடவை போகும்போது அப்பாவையும் அழைத்துப் போகிறானாம்.