காதக்கல்லும் வானூர்தியும்

சேலத்திலிருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம் என்று எவரேனும் வினவினால் நாம் கிலோமீட்டரில் விடை சொல்வதில்லை. ‘ராத்திரி ரயில் ஏறினால் விடியுமுன் இறங்கிவிடலாம்’ என்போம். தொலைவைப் பொழுதால் அளப்பது நம் பழைய வழக்கம். அண்மைக்காலமாக இன்னொரு விடையும் புழங்குகிறது: ‘ஒரு மணி நேரம்தான்.’ இது யாருக்கு உண்மை என்பதே நம் ஐயம்.

காமலாபுரம் வானூர்தி நிலையம் 1993இல் திறக்கப்பட்டது. சேவை தொடங்குவதும் நிற்பதுமாகவே அதன் வரலாறு அமைந்துவிட்டது. 2018 மார்ச்சில் ‘உடான்’ திட்டத்தின்கீழ் தொடங்கிய சென்னைச் சேவை 2021இல் நின்றது. 2023 அக்டோபரில் மீண்டும் சென்னைக்கு விமானம் பறந்தது.

கணக்கைப் பார்ப்போம். சாலைவழியே ஏறத்தாழ 340 கிலோமீட்டர். வான்வழியே நேர்கோட்டில் சுமார் 265. ஏ.டி.ஆர். வகைச் சிறு விமானம் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர் செல்லும். ஏற்றமும் இறக்கமும் சேர, ஒரு மணி நேரம் என்பது பொய்யன்று.

ஆனால் பனமரத்துப்பட்டி சேலத்துக்குத் தெற்கே இருக்கிறது. காமலாபுரமோ நகரைக் கடந்து வடமேற்கே. பேருந்து மாறிச் சென்றுசேர ஒன்றரை மணி நேரம். சோதனைகளுக்காக முன்கூட்டியே சென்று காத்திருப்பது இன்னொரு ஒன்றரை மணி நேரம். மீனம்பாக்கத்தில் இறங்கிப் பெட்டியுடன் சென்ட்ரல் பக்கம் வந்துசேர மேலும் ஒரு மணி நேரம். ஆகமொத்தம் ஐந்து மணி நேரம். சேலம் சந்திப்பில் ஏறும் ரயில் பயணியும் ஏறத்தாழ அதே அளவு நேரத்தையே வண்டியில் கழிக்கிறார், உறங்கிக்கொண்டே.

தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்கள் நினைவுக்கு வருகின்றன. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவையாகக் கருதப்படும் அக்கற்கள், நாவற்றாவளம் எத்தனை காதம் என்று கூறுபவை. எண்ணை எழுத்தில் பொறித்ததோடு, எழுத்தறியாதாரும் எண்ணிப் பார்த்து அறியும்படி குழிகளாகவும் வெட்டிவைத்தார்கள். தொலைவு என்பது வழிநடப்போர் அனைவருக்கும் பொதுவான செய்தி என்ற எண்ணம் அதில் இருக்கிறது. நம் காலத்து ‘ஒரு மணி நேரம்’ அவ்வாறு பொதுவானதாகத் தோன்றவில்லை.

இதே நேரக் கணக்கைச் சொல்லித்தான் 2018இல் 277 கிலோமீட்டர் நீள எட்டுவழிச் சாலையும் முன்வைக்கப்பட்டது. நிலம் கையகப்படுத்தும் அறிவிக்கையை 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பைப் பெரும்பகுதி மாற்றியது. வானூர்தி நிலைய விரிவாக்கத்துக்கு நிலம் தர மறுத்தும் சுற்றுவட்டார உழவர்கள் போராடினர். மிச்சமாகும் நேரம் ஒருவருடையது, போகும் நிலம் இன்னொருவருடையது என்ற கணக்கை எந்தக் கால அட்டவணையும் காட்டுவதில்லை.

நாம் விமானத்துக்குப் பகைவரல்லர். அயல்நாட்டில் இருக்கும் மகன், தந்தையின் இறுதிச் சடங்குக்கு ஓடிவரும்போது அந்த ஒரு மணி நேரத்தின் அருமையை யார் மறுப்பார்? நாம் வேண்டுவது எளியது: விமான நேரத்தை ஒட்டிப் பேருந்து விடுங்கள், தூரத்தை ஓடுபாதையிலிருந்து அளக்காமல் வீட்டு வாசற்படியிலிருந்து அளந்து சொல்லுங்கள். குழி வெட்டிக் கணக்குச் சொன்னவர்களின் வழிவந்தோர்க்கு அது இயலாத காரியமன்று.